காலா மோதியா முற்றும் வரை காத்திருக்க வேண்டாம்

சென்ற பொங்கலை ஒட்டி நமது சங்க மண்டபத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமில், பெயர் பதியும் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அன்பர் மனைவியை வரிசையில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஒதுங்கி ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். "நீங்களும் ஒரு தடவை காட்டிக்கொள்ளலாமே, சார்" என்றேன்.

"எனக்கு ஏற்கெனவே பார்த்தாச்சு. காலா மோதியான்னு சொல்லியிருக்கா. முத்தட்டும்னு காத்துண்டிருக்கேன். முத்தினதும் ஊருக்குப் போய் ஆபரேஷன் பண்ணிண்டு வந்துடலாம்" என்றார்.

எப்போது சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றரை வருடம் ஆகிறதாம். சொட்டு மருந்து கொடுத்தார்களா என்றேன். கொடுத்தார்கள், ஒரு பாட்டில் தீர்ந்தது, கண் எரிந்தது, அப்புறம் வாங்கவில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை நேராக டாக்டரிடம் அழைத்துப் போனேன். அன்று இரவே இந்தக் கட்டுரையை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தில்லிக்கு வந்து எத்தனை வருடமானாலும் நாம் இந்தியை அரையும் குறையுமாகத்தான் புரிந்துகொள்கிறோம். இங்கே கண் புரையை 'சஃபேத் மோதியா' என்பார்கள், அதாவது வெள்ளை மோதியா. கிளாக்கோமாவுக்குக் 'காலா மோதியா', கறுப்பு மோதியா என்று பெயர். இரண்டிலும் மோதியா இருப்பதால், இதுவும் ஒரு வகைப் புரைதான், முற்றியதும் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாம் மட்டுமல்ல, இந்தி பேசுபவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால், கண்ணின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும் பட்சத்தில், பார்வை திரும்பி வந்துவிடும். கிளாக்கோமாவில் கெடுவது கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு. அதில் போனது போனதுதான். எந்த ஆபரேஷனாலும், எந்த மருந்தாலும், எந்த ஊரிலும் அதைத் திருப்பித் தர முடியாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

தமிழில் நாம் வழங்கும் 'கண் அழுத்தம்' என்ற பெயரும் வேறொரு குழப்பத்தில் கொண்டுபோய் விடுகிறது. "எனக்கு பி.பி. நார்மல், அதனால் கண் அழுத்தம் வராது" என்று சொல்பவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். இரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. ஒன்றை அளந்து மற்றொன்றைச் சொல்ல முடியாது.

நான் டாக்டர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைநகரில் ஒரு போதனா மருத்துவமனையின் கண் பிரிவில், கிளாக்கோமா கிளினிக்கை ஒட்டிய இருட்டறையில், 1986 முதல் 2019 வரை பார்வைப் பரப்புச் சோதனை செய்யும் டெக்னீஷியனாக இருந்தவன். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்களின் கண்ணை அளந்தவன், சொந்த அண்ணன் விஷயத்தில் செய்த தவறையும் பின்னால் எழுதுகிறேன்.

வாய்க்காலும் மடையும்

நம் கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அல்ல, கண்ணின் உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டர் அளவு, அதாவது ஒரு சொட்டில் மிகச் சிறிய பங்குதான் சுரக்கிறது. கருவிழியும், அதன் பின்னால் உள்ள ஐரிஸ் என்னும் வண்ணத் திரையும் சந்திக்கும் கோணத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் இருக்கிறது. நீர் அதன் வழியாக வெளியேறி இரத்தத்தில் கலந்துவிடும். நம் ஊர் வயலில் வாய்க்காலில் வரும் தண்ணீர் மடை வழியாக வடிவது போலத்தான். மடை அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் ஏறும். கண்ணிலும் அப்படியே அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் 30, 40 என்று உயரும்போது, பின்புறத்தில் இருக்கும் பார்வை நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூலிழைகள் உண்டு. அவை சத்தமில்லாமல் ஒன்றொன்றாகச் சாகின்றன.

சல்லடை உள்ளுக்குள் அடைத்துக்கொள்வது ஒரு வகை. இது திறந்த கோண வகை. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒன்றுமே தெரியாது. இரண்டாவது வகையில் ஐரிஸ் முன்னால் வந்து கோணத்தையே மூடிவிடுகிறது. இதுவும் பெரும்பாலும் ஓசைப்படாமல்தான் வரும். ஆனால் சிலருக்குத் திடீரென்று ஒரே இரவில் வந்து தாக்கும். கண் சிவந்து, தலை பிளந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வரும். வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்று உபத்திரவம், பித்தம் என்று சொல்லி இரண்டு நாள் வீணாக்கிவிட்டு வந்த பெண்மணிகளை நான் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கும், தூரத்துக்கே பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர்களுக்கும் இந்த மூடிய கோண வகை வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு பக்கக் கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால், இரவு எத்தனை மணியானாலும் கண் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மணிக்கணக்கில் நரம்பு போகும் விவகாரம் இது.

இன்னும் ஒன்று உண்டு. அழுத்தம் 16, 17 என்று சரியாகவே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எனவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு 'நார்மல்' என்று சொல்லும் முகாம்களை முழுதாக நம்ப வேண்டாம். நமது சங்க முகாமையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நிர்வாகிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நரம்பின் தலைப்பைப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனை.

அண்ணனும் ஒரு கறுப்புத் தாளும்

என் அண்ணன் எனக்குப் பதின்மூன்று வயது மூத்தவர். மத்திய அரசு அலுவலகத்தில் வேலையாகி முதலில் தில்லிக்கு வந்தவர் அவர்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னை அழைத்து வந்து, படிக்க வைத்து, இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தவரும் அவரே. 2003ஆம் வருடம் அவருக்கு ஐம்பத்தேழு வயது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். மூன்று முறையும் மார்க்கெட்டில் ஒரே கண்ணாடிக் கடை. மூன்றாவது முறை கடைக்காரர், "மோதியா வருகிறது, கொஞ்சம் பக்குவமாகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஸ் படியில் இரண்டு தடவை கால் தவறினார். மதினி என்னிடம் சொன்னார்கள், "கீழே வச்ச தண்ணிச் செம்பை மூணு நாளா எத்திக்கிட்டே இருக்காக, தம்பி." நான் சிரித்துக்கொண்டே, "வயசாயிருச்சு மதினி" என்றேன். தினமும் ஐம்பது பேருடைய பார்வைப் பரப்பை அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான் சொன்ன பதில் அது.

ஒரு சனிக்கிழமை தலைவலி என்று அவர் சொன்னதற்காகத்தான் எங்கள் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். தம்பி அங்கே வேலை பார்ப்பதால் நேராகப் பெரிய டாக்டரிடம் போய்விடலாம் என்று அண்ணன் நினைத்தார். எங்கள் இடத்தில் அது நடக்காது. முதலில் ஒரு பயிற்சி டாக்டர் பார்ப்பார், முதல் வருடத்தில் படிக்கும் பெண். அடுத்து சீனியர் ரெசிடென்ட். கடைசியில்தான் பேராசிரியர். "என் கண்ணை வச்சுப் பாடம் படிக்காங்களால?" என்று அண்ணன் முணுமுணுத்தார். ஆமாம், பாடம்தான் படித்தார்கள். ஆனால் அந்தப் பெண், படிவத்தில் உள்ள ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்ப வேண்டியவர் என்பதால், "உங்கள் தந்தையாருக்குக் கண் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

எங்கள் அப்பா அறுபது வயதுக்குள் பார்வை போய், திண்ணையிலேயே உட்கார்ந்திருந்து செத்தவர். 'வயசானா அப்படித்தான்' என்று ஊரே சொல்லிற்று, நாங்களும் அப்படியே நம்பினோம். கிளாக்கோமா கிளினிக்கில் அதுவரை பதினேழு வருடம் வேலை செய்தும், எங்கள் அப்பாவுக்கு வந்தது எது என்று நான் ஒரு தடவை கூட என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அண்ணன், "அவுக கண்ணு தெரியாமத்தான் போனாக" என்றதும் அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அழுத்தம் வலக்கண்ணில் 26, இடக்கண்ணில் 32. கோணம் திறந்தே இருந்தது. அடுத்த வேலை என்னுடையது. இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரம் ஒன்று இருக்கும். தாடையை அதில் வைத்து, நடுவில் எரியும் மஞ்சள் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். "அண்ணே, வேற எதையும் தேடாதீங்க. தெரிஞ்சா அழுத்துங்க, தெரியலைன்னா சும்மா இருங்க" என்று சொல்லி இடக்கண்ணில் ஆரம்பித்தேன்.

அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு திரை உண்டு. எந்த இடத்தில் புள்ளி விழுகிறது என்பது அதில் எனக்குத் தெரியும். கீழ்ப்பக்கம் விழுந்தது. பொத்தான் சத்தம் வரவில்லை. இன்னும் பிரகாசமாக அதே இடத்தில் விழுந்தது. வரவில்லை. இயந்திரத்தால் காட்ட முடிந்த உச்ச வெளிச்சத்தில் விழுந்தது. அண்ணன் அசையாமல் மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னலே, மிஷின் நின்னு போச்சா?" என்று கேட்டார். "இல்லண்ணே, ஓடுது" என்றேன். அச்சில் வந்த தாளில் நடுவில் கொஞ்சமும், வெளி ஓரத்தில் கொஞ்சமும் வெளுப்பாக இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு. வலக்கண்ணில் மேல்பாதியில் மட்டும் ஒரு பிறை.

இத்தனை போயும் அவருக்கு எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். ஒரு கண்ணில் இல்லாததை மற்றக் கண் ஈடு கட்டுகிறது. மிச்சத்தை மூளை தானாகவே நிரப்பிவிடுகிறது. நோயாளிக்கு அந்த இடத்தில் கறுப்பாகத் தெரியாது, அந்த இடமே இல்லாமல் போய்விடும். எழுத்து வாசிக்கும் நடுப்பார்வை கடைசி வரை இருக்கும். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அண்ணன் என் இருட்டறைக்கு வந்தார்.

இந்தச் சோதனைக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு வார்த்தை. நல்ல கண் உள்ளவருக்கும் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் தெரியாது. அப்படி மங்கலாகக் காட்டித்தான் இயந்திரம் எல்லையைக் கண்டுபிடிக்கிறது. இது தெரியாமல் பயந்துபோய், லிஃப்டைக் கூப்பிடுவது போலப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் தாய்மார்கள் உண்டு. சோதனை வீணாகிவிடும், மறுபடி வர வேண்டியிருக்கும். முதல் தடவை யாருக்குமே சரியாக வராது. இரண்டாவது, மூன்றாவது தாளை வைத்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். களைத்தால் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருங்கள், இயந்திரம் நிற்கும்.

மூன்று பேர் பார்ப்பது எதற்கு?

போதனா மருத்துவமனை என்றால் நம்மவர்கள் தயங்குகிறார்கள். நாள் முழுதும் போய்விடும், பையன்கள் கையில் கண்ணைக் கொடுக்க வேண்டும் என்று பயம். நாள் போய்விடும் என்பது உண்மை, மறுக்க மாட்டேன். சாப்பாட்டுப் பொட்டலத்துடன் போங்கள். மற்றதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிளாக்கோமாவில் கற்றுக்கொள்ளக் கடினமானது கோணத்தைப் பார்ப்பது. கண்ணை மரக்கச் செய்து, கண்ணாடிகள் பதித்த ஒரு லென்ஸைக் கருவிழி மேல் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இதற்குக் கோனியோஸ்கோப்பி என்று பெயர். ஒரு நிமிட வேலைதான். ஆனால் நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்தால்தான் திறந்த கோணம் எது, மூடியது எது என்று கண் பழகும். வெளியே அவசரத்தில் இதைச் செய்யாமலே திறந்த கோண வகை என்று எழுதிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. மூடிய கோணமாக இருந்தால் சிகிச்சையே வேறு, ஐரிஸில் லேசரால் ஒரு சிறு துளை போட வேண்டும். எங்கள் கிளினிக்கில் ஜூனியர் எழுதிய கோணத்தை சீனியர் மறுபடி பார்த்து, தவறு என்றால் ஜூனியரைத் திரும்ப வந்து பார்க்கச் சொல்லுவார். நோயாளிக்கு அது தொல்லை. ஆனால் ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடித்துவிடுகிறார். ஆபரேஷன் விஷயத்திலும் அப்படித்தான். மனிதர் கண்ணில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டுக் கண்ணில் தையல் போட்டுப் பழகுகிறார்கள். மாலையில் அந்தக் கூடத்தைத் தாண்டிப் போகும்போது, கசாப்புக் கடையிலிருந்து வந்த கண்கள் தட்டில் வரிசையாக இருப்பதைக் கண்டு எங்கள் புதுப் பியூன் ஒருவர் ஒரு வாரம் அசைவம் சாப்பிடவில்லை.

தில்லியில் இவ்வகைக் கல்விக்கும் சிகிச்சைக்கும் பெயர் பெற்றது அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம், 1967இல் தொடங்கியது. ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு மதுரையில் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் ஆரம்பித்தது. சென்னையில் 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா. மூன்றுமே சிகிச்சையோடு பயிற்சியும் ஆராய்ச்சியும் நடத்தும் இடங்கள்.

ஆராய்ச்சி என்றதும், "நம்மை எலியாக்கிவிடுவார்களோ?" என்று கேட்கிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். அழுத்தத்தைக் குறைத்தால் நோய் நிற்கும் என்று நூறு வருடங்களுக்கு மேலாக டாக்டர்கள் நம்பி வந்தார்கள். ஆனால் நோய் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களைச் சிகிச்சை இல்லாதவர்களோடு ஒப்பிட்டு ஒருவரும் சரியாக நிரூபித்திருக்கவில்லை. சுவீடன் நாட்டில் 255 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிகிச்சை கொடுத்து, மறு பிரிவை வெறுமனே கூர்ந்து கவனித்து வந்தார்கள். கெடுகிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கும் சிகிச்சை கிடைத்தது. 2002இல் முடிவு வந்தது. சிகிச்சை பெறாதவர்களில் 62 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கும் நோய் முன்னேறியிருந்தது. அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் அபாயம் சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்றும் தெரிந்தது. இன்று டாக்டர் உங்களிடம், "18 போதாது, 14க்குக் கொண்டுவர வேண்டும்" என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாரோ சம்மதித்துக் கையெழுத்திட்டதன் பலன் நமக்குக் கிடைக்கிறது. சம்மதப் படிவத்தைப் படித்துப் பார்த்து, விருப்பமில்லையென்றால் மறுத்துவிடுங்கள். அதனால் சிகிச்சை நின்றுபோகக் கூடாது என்பது விதி.

நம் ஊரைப் பற்றிய ஆராய்ச்சியும் இருக்கிறது. சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், நாற்பது வயதைக் கடந்தவர்களில் திறந்த கோண வகை கிராமங்களில் 1.62 சதவீதம், நகரத்தில் 3.51 சதவீதம். இந்த விகிதத்தை விட என்னை உலுக்கியது வேறு. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், அன்று வரை தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் நடத்திய ஆய்விலும் ஏறத்தாழ இதே கதைதான். எங்கள் அப்பா அந்தத் திண்ணையில் தனியாக இல்லை.

சொட்டு மருந்து என்னும் கடன்

அண்ணனின் இடக்கண்ணுக்கு அந்த மாதமே ஆபரேஷன் ஆயிற்று. டிராபெகுலெக்டமி என்பார்கள். நீர் வடிய ஒரு புது மடையை, மேல் இமைக்குள் மறையும்படி வெட்டி விடுவது. பார்வை கூடவில்லை. கூடாது என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டில், "ஆபரேஷன் பண்ணியும் தெரியலையாமே, டாக்டர் சரியில்லை" என்று பேசினார்கள். இருந்த நடுப்பார்வை இன்னும் இருக்கிறதே, அதுதான் அந்த ஆபரேஷனின் வெற்றி. இதைப் புரியவைக்க மதினிக்கு இரண்டு வருடம் ஆயிற்று. வலக்கண்ணுக்குச் சொட்டு மருந்து, ஆயுள் முழுதும்.

மருந்து விஷயத்தில் நம் குடும்பங்களில் நான் காணும் தவறுகளைச் சொல்கிறேன். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு போதும், இரண்டு விட்டால் ஒன்று கன்னத்தில் வழியும். விட்டபின் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக உடம்பில் இறங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். டிமோலால் என்ற மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம், நாடித் துடிப்பையும் குறைக்கும். கண் டாக்டர்தானே என்று இழுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். இரவில் ஒரு வேளை மட்டும் விடும் லாடனோபிராஸ்ட் மருந்தில் பல, திறக்கும் வரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியவை. மே மாதத்தில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் மருந்து வீணாகும். சிறிய தெர்மாஸில் எடுத்துச் செல்லுங்கள். எரிகிறது, சிவக்கிறது என்றால் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மருந்தே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வாங்க முடியாதவர்களுக்கும் லேசர் உண்டு. பிரிட்டனில் 718 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் மூன்று வருடம் வரை சொட்டு மருந்தே இல்லாமல் இருந்தார்கள். திறந்த கோண வகைக்குத்தான் இது.

யோகாசனப் பிரியர்களுக்கும் ஒரு வரி. சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று சென்னையில் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. கிளாக்கோமா உள்ளவர்கள் தலைகீழாக நிற்க வேண்டாம். நேராக நின்றாலே புண்ணியம் உண்டு.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இரண்டு விஷயம். தில்லிக் கோடையில், தூசியில், பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே பாட்டிலைக் காட்டி, சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விடுகிறோம். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசலோன் என்ற பெயர்களைப் பாட்டிலில் தேடிப் பாருங்கள். சிலர் கண்ணில் இவை சில வாரங்களிலேயே அழுத்தத்தை ஏற்றிவிடும். பதினான்கு வயதுப் பையன் ஒருவன், கிரிக்கெட்டில் பந்து திடீரென்று காணாமல் போகிறது என்று வந்தான். அவன் தாளும் அண்ணன் தாளைப் போலவே இருந்தது. அவனுடைய அம்மா என் அறை வாசலில் உட்கார்ந்து, "நான்தானே விட்டேன், நான்தானே விட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை.

மற்றது, கைக்குழந்தையின் பெரிய கண். "என்ன அழகான பெரிய கண்!" என்று திருஷ்டி கழிக்கிறோம். கண் பெரிதாக இருந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, நீர் வடிந்து, கருவிழி மங்கலாகவும் இருந்தால் அது பிறவிக் கிளாக்கோமாவாக இருக்கலாம். நெருங்கிய இரத்த உறவில் திருமணம் செய்துகொண்ட தம்பதியரின் குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்வது நம் வழக்கம், அதனால் சொல்கிறேன். இதற்கு ஆபரேஷன் உடனே வேண்டும். பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தா என்று தள்ளிப்போடக் கூடாது.

இனி இரத்த உறவுகள். ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுளில் இது வரும் வாய்ப்பு 22 சதவீதம் என்றும், மற்றக் குடும்பங்களில் 2.3 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். அண்ணன் தாளைப் பார்த்த மறு வாரமே நான் என் கண்ணைக் காட்டிக்கொண்டேன், தப்பித்திருக்கிறேன். வருடா வருடம் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் மகள் பெங்களூரில் இருக்கிறாள். "எனக்கு ஒன்றும் இல்லை சித்தப்பா, நன்றாகத் தெரிகிறது" என்று பல வருடம் கடத்தினாள். கடைசியில் நாற்பத்தொன்றாவது வயதில் போனாள். அழுத்தம் 24, பார்வைப் பரப்பில் ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. இப்போது இரவில் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறாள்.

அண்ணன் எண்பதை நெருங்குகிறார். வலக்கண்ணால் தினமணியை முழுதும் படித்துவிடுகிறார். இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வரும், "போட்டாச்சுலே" என்று ஒரே வார்த்தை, வைத்துவிடுவார்.

பொங்கல் முகாமுக்கு வந்த அந்த அன்பர் பங்குனியில் மறுபடி வந்தார். ஒரு கண்ணில் பாதிக்கு மேல் போயிருக்கிறது, மற்றது பரவாயில்லையாம். மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், எரியவில்லை என்றார். பழைய தாள்கள் எதையும் அவர் வைத்திருக்கவில்லை, அதனால் எவ்வளவு வேகமாகக் கெட்டது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பார்வைப் பரப்புத் தாளையும் அழுத்தம் எழுதிய சீட்டையும் ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வையுங்கள். மாற்றலாகிப் போகும்போதும், ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போதும் அவை கூடவே போக வேண்டும். தாளில் உள்ளது புரியாவிட்டால், மாதத்தின் முதல் ஞாயிறு காலை சங்க நூலகத்தில் இருப்பேன், எடுத்துக்கொண்டு வாருங்கள். வைத்தியம் சொல்ல மாட்டேன். தாளில் எது கறுப்பு, எது வெளுப்பு என்று படித்துக் காட்டி, டாக்டரிடம் என்ன கேட்பது என்று ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன்.